பரேல் புற்றுநோய் மருத்துவமனை: ஓர் அறத்தின் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். சேர சோழ பாண்டியர் பெருமை பேசுதற்கு அறிஞர் பலர் உளர். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை முடித்து, ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவர்கள். ஆகவே நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதுவதே முறையெனக் கருதினோம். பம்பாய் என்று முன்னர் வழங்கிய இம்மும்பை மாநகரில், பரேல் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் காணப்பெறும் டாட்டா நினைவு மருத்துவமனையின் வரலாறே அது.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்காம். இம்மருத்துவமனையின் வரலாற்றில் முதல் மூன்றும் வளர்ந்த வகையை ஒருவாறு கூறி, நான்காவதாகிய பகுதி யாருடையது என்பதை இறுதியில் ஆராய்வோம்.

ஓர் அம்மையாரின் மறைவு

டாட்டா குடும்பத்துச் சர் தோராப்ஜியின் துணைவியார் மெஹர்பாய் அம்மையார். இவர் 1879-இல் பிறந்தவர். டென்னிஸ் ஆட்டத்தில் வல்லவர். சேலை உடுத்தே ஆடியவர். மகளிர் முன்னேற்றத்திற்கும், குழந்தை மணத் தடைச் சட்டத்திற்கும் அரும்பாடு பட்டவர். செல்வம், புகழ், உயர்ந்த மருத்துவர் உதவி ஆகிய எதற்கும் குறைவில்லாத இவ்வம்மையார், இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டு, 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டு மருத்துவ இல்லம் ஒன்றில் உயிர் நீத்தார். உலகின் எந்த மூலைக்கும் சென்று மருத்துவம் பெறத்தக்க செல்வரையும் காக்க இயலாத நோய், வழியற்ற ஏழையரை என் செய்யும்? இவ்வினாவே பரேல் மருத்துவமனையின் வித்து எனலாம்.

துணைவியை இழந்த தோராப்ஜி துயரிலேயே அமிழ்ந்து விடவில்லை. இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 1932-இல் அம்மையார் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். தம் உடைமை அனைத்தையும் மற்றோர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். பின்னர் மனைவியாரின் கல்லறையைக் காணப் புறப்பட்டவர், வழியில் ஜெர்மனி நாட்டில் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காலமானார். இருவர்க்கும் இடையே கழிந்தது ஓராண்டுதான்.

ஈண்டு ஒரு வைரத்தைப் பற்றியும் கூறல் வேண்டும். அம்மையாரிடம் 'ஜூபிலி' என்னும் பெயர் பெற்ற 245 காரட் வைரம் ஒன்று இருந்தது. எடையில் அது கோஹினூரினும் இருமடங்கு பெரியது. 1924-இல் டாட்டா எஃகு ஆலை ஊதியம் கொடுக்கவும் வழியின்றித் தத்தளித்தபோது, கணவனும் மனைவியும் தம் சொந்த நகைகளையும் வைரத்தையும் வங்கியில் அடகு வைத்து ஆலையைக் காத்தனர். பின்னர் மீட்கப்பட்ட அவ்வைரம், தோராப்ஜியின் மறைவுக்குப்பின் விற்கப்பட்டு, அத்தொகை அறக்கட்டளையைச் சேர்ந்தது. கழுத்தில் மின்னிய கல் ஒருமுறை தொழிலாளர்க்குச் சோறாயிற்று. மறுமுறை நோயாளர்க்கு நிழலாயிற்று.

1941-ஆம் ஆண்டு

அறக்கட்டளையினர் முதலில் எண்ணியது ரேடியச் சிகிச்சைக்கான ஒரு நிலையமே. அவ்வெண்ணம் வளர்ந்து முழு மருத்துவமனையாயிற்று. பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நிறைந்திருந்த பரேலே அதற்குரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்பகுதியில் கே.இ.எம். மருத்துவமனை, வாடியா மருத்துவமனை, ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை முன்னமே இருந்தன. 30 இலட்ச ரூபாய் செலவில் ஏழு அடுக்குக் கட்டடம் எழுந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், பம்பாய் ஆளுநர் சர் ரோஜர் லம்லி அதனைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் படுக்கைகள் 80. ஆண்டுச் செலவு சுமார் 5 இலட்ச ரூபாய்.

புற்றுநோய் என்றால் யமனோலை என்றே மக்கள் நம்பியிருந்த காலம் அது. அந்நோய் ஒன்றற்கே தனி மருத்துவமனை கட்டுவது, அந்நம்பிக்கைக்கு எதிராக ஏழு மாடி உயரத்தில் எழுதப்பட்ட மறுப்புரை போன்றது.

அக்காலத்தில் இந்நோய்க்கு இருந்த கருவிகள் இரண்டே. ஒன்று அறுவை, மற்றொன்று கதிர்வீச்சு. ஆழ்ந்து பாயும் எக்ஸ்-கதிர்ப் பொறிகளோடு ரேடியமும் இங்குப் பயன்பட்டது. ரேடியத்தின் இயல்பு வியப்பிற்குரியது. அதன் ஆற்றல் பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஆனால் அதினின்று இடையறாது வெளிப்படும் ரேடான் என்னும் வாயு, நான்கு நாளுக்குள்ளாகவே பாதி ஆற்றலை இழந்துவிடும். விலைமதிப்பற்ற ரேடியத்தை ஓரிடத்தில் காப்பாக வைத்துக்கொண்டு, அவ்வாயுவை மட்டும் கறந்தெடுத்துச் சிறு குழாய்களில் அடைத்து, நோயுற்ற இடத்தில் வைப்பர். பசுவைத் தொழுவத்தில் காத்துப் பாலை மட்டும் வீடுதோறும் அனுப்புவது போன்றது இது. இதற்கான ரேடான் நிலையத்தை இங்கு அமைத்தவர், பழைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியைச் சேர்ந்த இராமையா நாயுடு என்னும் பௌதிக அறிஞர் ஆவார்.

நோயின் வேரைத் தேடி

வந்தவர்க்கு மருந்தளிப்பது மட்டும் போதுமா? நோய் ஏன் வருகிறது என்று கேட்க வேண்டாவா? இவ்வினாவை எழுப்பியவர் மருத்துவமனையின் நோய்க்குறி ஆய்வுத் துறைத் தலைவராய் விளங்கிய டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர். இந்திய மக்கள் உண்ணும் முறை, உடுக்கும் முறை, புகைக்கும் முறை ஆகியவற்றுக்கும் அவர்க்கு வரும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அவர் ஆராய்ந்தார். ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அங்கு மேலண்ணத்தில் புற்று வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டுவோர்க்கு இடுப்பில், துணி உராயுமிடத்தில், புற்று கண்டது. இவற்றையெல்லாம் 1945-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவரும் உடன் ஆய்ந்தவரும் உலகறியச் செய்தனர். நாட்டுக்கு நாடு நோய் வேறுபடுவது விதியால் அன்று, வழக்கத்தால் என்பதும், வழக்கத்தை மாற்றினால் நோயையும் தடுக்கலாம் என்பதும் இதனால் புலனாயின.

இத்துறையில் தமிழ் மண்ணின் பங்கும் உண்டு. அந்நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இந்நாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரில், கிறித்தவ சங்கத்து மருத்துவமனை ஒன்று உண்டு. எவரெஸ்ட் மலையேறிய சாமர்வெல் பணிபுரிந்த இடம் அதுவே. வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லுவோர்க்கு வாய்ப்புற்று மிகுதியாக வருவதை, ஆர் என்னும் மருத்துவர் 1933-இலேயே அங்கிருந்து எழுதினார். புகையிலையை நீக்கினாலும் பாக்கு ஒன்றே புற்றுநோய் விளைக்க வல்லது என்று உலக ஆய்வு நிறுவனம் 2004-இல் உறுதியாக அறிவித்தது. விருந்துக்குப்பின் தாம்பூலம் தருவது நம் பண்பாடு, மறுக்கவில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை வாயில் அடக்கி வைப்பதும், பான், குட்கா என்று பொட்டலம் பொட்டலமாய்த் தின்பதும் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தன?

ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் ஒன்றை மத்திய அரசு 1952-இல் மருத்துவமனையை ஒட்டி நிறுவிற்று. அதன் முதல் இயக்குநரும் கானோல்கரே. பின்னாளில் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராகவும் விளங்கினார். 1963-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தார் பம்பாய் நகருக்கெனப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினர். ஒரு நகரத்து மக்கள் தொகையை அடிப்படையாகக் கொண்டு இந்நோயைக் கணக்கிடும் முயற்சி இந்தியாவில் அதுவே முதலாவது. பதிவேட்டின் அருமை எம்போன்ற எழுத்தர்க்கு நன்கு தெரியும். ஏட்டில் ஏறாத சரக்கும், ஏட்டில் ஏறாத துன்பமும் இல்லாதவை போலவே நடத்தப்படும்.

அறத்திலிருந்து அரசுக்கு

ஒரு குடும்பத்து அறம் எத்துணைப் பெரிதாயினும் ஒரு நாட்டின் நோயைத் தாங்காது. 1957-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையை ஏற்றது. 1962-இல் அது அணுசக்தித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அணுசக்திக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன உறவு என்று சிலர் ஐயுறலாம். கதிர்வீச்சே இந்நோய்க்குப் பெருமருந்துகளுள் ஒன்று. அக்கதிர்வீச்சை அறிந்தோர் அத்துறையினர். அப்போது அத்துறையின் தலைவர் டாக்டர் ஹோமி பாபா. அவர் மெஹர்பாய் அம்மையாரின் உடன்பிறந்தார் மகன் ஆவார். அத்தையின் நினைவில் எழுந்த மருத்துவமனை, மருமகன் வளர்த்த துறையின் நிழலை அடைந்தது. 1966 ஜனவரியில் விமான விபத்தில் பாபா மாண்டார். அவ்வாண்டிலேயே மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக்கப்பட்டு, டாட்டா நினைவு மையம் என்னும் ஒரே அமைப்பாயின.

மருத்துவமனை நிற்கும் சாலைக்கு எர்னஸ்ட் போர்ஜஸ் சாலை என்று பெயர். போர்ஜஸ் இம்மருத்துவமனையில் தொண்டாற்றிப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், 1969-இல் மறைந்தவர். ஆளுநர்க்கும் படைத்தலைவர்க்கும் சாலைகள் இருந்த நகரில் ஒரு மருத்துவர்க்குச் சாலை அமைந்தது பொருத்தமே.

பல்கலைக்கழகமாய் வளர்ந்தது

நோய் தீர்ப்பவனை உருவாக்குவதும் மருத்துவமனையின் கடன். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் இங்கு வந்து புற்றுநோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுத் தத்தம் ஊர்க்குத் திரும்புகின்றனர். 2005-இல் ஹோமி பாபா தேசிய நிறுவனம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, இம்மையம் அதன் உறுப்பாயிற்று. அதற்கு முன்பே, 2002-இல், ஆராய்ச்சிப் பகுதி நவி மும்பையின் கார்கரில் 60 ஏக்கர் நிலப்பரப்புக்கு இடம் பெயர்ந்தது. பரேலிலும் பொன்விழாக் கட்டடம் முதலியன எழுந்தன. 80 படுக்கைகள் 600-க்கு மேலாயின. ஏழையர்க்கெனப் பொதுப் பிரிவும், செலவிட இயல்வோர்க்கெனத் தனிப் பிரிவும் உண்டு. பொதுப் பிரிவினருள் பெரும்பாலோர் மிகக் குறைந்த செலவிலோ, செலவின்றியோ மருத்துவம் பெறுகின்றனர்.

இவ்வளர்ச்சியில் 1983-ஆம் ஆண்டைத் தனித்துக் குறிப்பிடல் வேண்டும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுமிக்கு, டாக்டர் சுரேஷ் அத்வானி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார். இந்தியாவில் இச்சிகிச்சை வெற்றியுற்றது அதுவே முதன்முறை. இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே கால் இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தவர் அம்மருத்துவர். மெஹர்பாய் அம்மையாரைக் கொண்டுசென்ற அதே நோய், அம்மையார் பெயரால் விளைந்த அறத்தின் கூரைக்கீழே, 52 ஆண்டுகளுக்குப்பின், ஒரு சிறுமியை விட்டு விலகிற்று.

காடியும் பத்தாம் வகுப்பும்

பெரிய பொறிகளைப் பற்றியே பேசினால் வரலாறு முழுமை பெறாது. மகளிர்க்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டி அறிய, மேனாடுகளில் ஆய்வுக்கூடச் சோதனை உண்டு. குடிசைப் பகுதி மகளிர் அனைவர்க்கும் அதனைச் செய்ய நம் நாட்டில் வசதி ஏது? இம்மையத்தார் 1998-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். காடி எனப்படும் வினிகரின் சாரத்தை நீரில் கலந்து தடவினால், நோய் கருக்கொண்ட இடம் சிறிது நேரத்தில் வெண்மையாய்த் தோன்றும். வெறுங் கண்ணாலேயே காணலாம். பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே மும்பைக் குடிசைப் பகுதிகளில் இச்சோதனையை நடத்தினர். சுமார் 1,50,000 மகளிரை இரு பகுதியாக்கிப் பல்லாண்டு கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். சோதனை செய்யப்பட்ட பகுதியில் அந்நோயால் நேர்ந்த மரணம் 31 விழுக்காடு குறைந்திருந்தது.

பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர்களாகிய நமக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! பட்டம் பெற்ற மருத்துவர் மட்டுமே உயிர் காப்பர் என்பதில்லை. உரிய பயிற்சியும் அக்கறையும் உடைய பத்தாம் வகுப்புப் பெண்ணும் காப்பாள்.

பரேலை நாடி வருவோர்

நாடெங்கிலும் இருந்து நோயாளர் பரேலையே நாடி வந்ததால், நெருக்கடியும் பெருகிற்று. மருத்துவமனைக்கு எதிரே நடைபாதையில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் தங்கியிருக்கும் காட்சியை மும்பைவாசிகள் அறிவர். ஆகவே மருத்துவமனையையே மக்களிடம் கொண்டுசெல்லும் வேலை தொடங்கிற்று. விசாகப்பட்டினம், பஞ்சாபின் சங்ரூர், முல்லன்பூர் ஆகிய இடங்களில் இம்மையத்தின் மருத்துவமனைகள் எழுந்தன. குவாஹாத்தியில் முன்னரே இருந்த மருத்துவமனை இம்மையத்தோடு இணைந்தது. காசியில் நம் ரயில்வேக்கு உரியதாய் இருந்த புற்றுநோய் மருத்துவமனை 2018-இல் இம்மையத்திடம் வந்து புதுப்பொலிவு பெற்றது; மறு ஆண்டே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. மேலும் 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் இன்று 300-க்கு மேற்பட்ட நிலையங்கள் இணைந்து, ஒரே தரமான சிகிச்சை முறையை எங்கும் வழங்க முயல்கின்றன.

நம் தாயகத்திலோ அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரின் பயனாக, 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கிற்று. பரேலில் மனைவியின் பிரிவு. அடையாற்றில் தங்கையின் பிரிவு. ஊரிலிருந்து உறவினர் எழுதிக் கேட்டால், முதலில் அடையாற்றைக் கேட்டறியுமாறு நாம் கூறலாம். வேண்டாத நெடும்பயணம் நோயாளியின் வலிவையும் குடும்பத்தின் சேமிப்பையும் உறிஞ்சிவிடும்.

பயணம் செய்தே தீரவேண்டியவர்க்கு ரயில்வே தரும் சலுகையை இங்குக் குறிப்பது நம் தொழிற்கடன். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு, உரிய மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டினால், ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. உடன் செல்லும் துணைவர்க்கு 75 விழுக்காடு தள்ளுபடி. இரண்டாம் வகுப்பிலும், முதல் வகுப்பிலும், ஏ.சி. நாற்காலி வகுப்பிலும் இருவர்க்கும் 75 விழுக்காடு. ஏனைய உயர் ஏ.சி. வகுப்புகளில் 50 விழுக்காடு. 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், நோயாளர் சலுகை நீங்கவில்லை. இதனை அறியாமல் முழுக்கட்டணம் செலுத்திச் செல்வோர் இன்றும் உளர்.

நான்காம் பகுதி

இச்சான்றிதழை நம் கவுண்டரில் நீட்டுவோருள் சிலர், வரிசையில் பின்னால் நிற்பவர் கண்ணில் படாதவாறு அதனை நான்காய் மடித்து நீட்டுவர். நோயின் பெயரை வாயால் சொல்லவும் கூசுவர். 1941-இல் ஏழு மாடி எழுப்பி மறுக்கப்பட்ட அச்சம், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மடிப்புக்குள் ஒளிந்திருக்கின்றது.

நம் இல்லங்களிலும் இது இல்லையென்று கூற முடியுமா? "பெரிய வியாதி" என்று குரலைத் தாழ்த்துகிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் தாயின் நோய் வெளிப்பட்டால் சம்பந்தம் தட்டிப்போகுமென அஞ்சுகிறோம். மார்பில் கட்டி கண்ட பெண்மணி, கணவனிடமும் கூறாது மாதக்கணக்கில் மறைக்கிறாள். இந்நோய் தொற்றுவதன்று, பழிக்குரியதும் அன்று. தொடக்கத்திலேயே கண்டால் பல வகைகள் முற்றும் குணமாகக் கூடியவை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பிலோ கழுத்திலோ புதிதாய்த் தோன்றிய கட்டி, முறையற்ற உதிரப்போக்கு, நீங்காத குரல் கம்மல், விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினும், அது புற்றுநோயே என்று நடுங்கவும் வேண்டா. வேறொன்றுமிராது என்று வாளாவிருக்கவும் வேண்டா. உடனே மருத்துவரிடம் செல்க.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மருத்துவரை மருத்துவமனை தரும். மருந்தை அரசும் அறமும் தரும். அருகிருந்து பணிபுரிபவனை யார் தருவார்? ஊரறியாத, மொழியறியாத நோயாளிக்கு இம்மாநகரில் அருகிருப்பவர் யார்? காட்கே மகாராஜ் என்னும் பெரியாரின் பெயரால் தாதரில் நடைபெறும் தருமசாலை, வெளியூர்ப் புற்றுநோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் குறைந்த செலவில் இடம் தருகின்றது. தாமே எளிய வாழ்வு வாழ்ந்து, துடைப்பமும் கையுமாய் ஊர்தோறும் சென்ற ஒருவரின் பெயர் இப்பணியைச் செய்கிறதென்றால், மாதச் சம்பளம் பெறும் நாம் செய்யத் தக்கது ஒன்றும் இல்லையா?

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மராத்தியும் இந்தியும் பேச வல்ல நம் குடும்பத்தாருள், மாதம் ஒருநாள் ஒதுக்கக் கூடியவர் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிந்து வைப்போம். தமிழகத்திலிருந்து வரும் நோயாளியோடு புறநோயாளர் பிரிவுக்குச் சென்று, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைப்போம். சலுகைச் சான்றிதழ் பெறவும், டிக்கெட் எடுக்கவும் உதவுவோம். இரசஞ்சோறு ஒரு பாத்திரத்தில் கொண்டுசென்றால் வேண்டாமென்பார் இல்லை. இதற்கு வைரம் விற்க வேண்டுவதில்லை. பரேலுக்கு ஒரு டிக்கெட்டும், அரைநாள் பொழுதுமே வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!